பத்தாவது தட்டு

கீழ்வேளூர்
10.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செம்மொழி எழுதுகிறேன். நான் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை. அந்த வலியும் வேலை சொன்னால்தான் வருகிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? திருப்பூர்த் தண்ணீர் உடம்புக்குப் பழகிவிட்டதா?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் போனை மாமாதான் எடுக்கிறார், எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் உன்னிடம் தருகிறார். உங்கள் குழந்தை பொன்னி போனதிலிருந்து அந்தப் பெயரை அவர் காதுபட யாரும் சொல்வதில்லை என்று நீயே சொன்னாய். நான் கேட்கப்போவது அந்தப் பெயரைப் பற்றி. அதனால்தான் உன் பக்கத்து வீட்டு ரசியா பேகம் அக்கா முகவரிக்கு எழுதுகிறேன். கூத்தாநல்லூர்க்காரர், நம் பக்கத்து மனுஷி. கடிதத்தைப் பிரிக்காமல் உன்னிடம் தருவார் என்று நம்புகிறேன்.

நான் பார்க்கும் காப்பகத்தை ஊரில் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். மதியச் சாப்பாட்டுச் செலவைக் காப்பகத்தை நடத்தும் டிரஸ்ட் முதலில் போடும், தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பிறகு திருப்பித் தரும். ஆனால் பத்துப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாருக்கும் கிடையாது. இப்போது ஒன்பதுதான் இருக்கிறது. செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள் தீபாவளிக்குத்தான் திரும்பும்.

மூடிவிட்டால் இந்தப் பிள்ளைகள் வரப்பில் கிடக்கும். நீயும் நானும் வரப்பில் துணி விரித்து வளர்ந்தவர்கள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வேலையும் போகும். டிரஸ்ட் ஆபீஸில் கேட்டால், "ஆதாரோட ஒரு பேரு இருந்தாப் போதும்மா, தீபாவளி வரைக்கும் ஓட்டிடலாம்" என்கிறார்கள்.

பாபநாசம் வீட்டைக் காலி செய்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் பொன்னியின் ஆதார் இருக்கிறது. இருந்திருந்தால் இப்போது ஐந்து வயசை நெருங்கியிருப்பாள். கேட்கவே நாக்கு கூசுகிறது அக்கா. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, வருத்தப்பட மாட்டேன்.

அன்புடன்,
மொழி


திருப்பூர்
16.6.2025

அன்புத் தங்கை மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நானும் மாமாவும் நலம். அப்பாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பேரை எழுதிக்கொள். ஆனால் வெறும் பேராக வைக்காதே. மற்ற பிள்ளைகளைக் கூப்பிடும்போது அவளையும் கூப்பிடு. தட்டு வை. தட்டில் சோறு போடு. அவள் சாப்பாட்டுக்கு என்று வருவதை வேறு யாருக்கோ போட்டுவிட்டு அவள் சாப்பிட்டதாகக் கணக்குக் காட்டினால் என் வயிறு எரியும்.

சின்னப் பிள்ளை என்று அவளுக்குக் கருமாதிகூடச் செய்யவில்லை. இலை போட்டு, பேர் சொல்லி, வா வந்து சாப்பிடு என்று ஒருநாள்கூட யாரும் கூப்பிட்டதில்லை. நீயாவது கூப்பிடு.

மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அக்கா,
நீலாம்பாள்


கீழ்வேளூர்
2.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் சௌக்கியம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு மும்முரம். அப்பா குத்தகை வயலில் நிற்கிறார், முட்டிவலி எங்கே போனதோ தெரியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

நீ சொன்னபடியே செய்கிறேன். பத்துத் தட்டு வைக்கிறோம். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, கடைசியில் "பொன்னி" என்பேன். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள், "வரல டீச்சர்" என்றார்கள். இப்போது பழகிவிட்டது. அந்தத் தட்டுச் சோறு கடைசியில் ஆயாம்மா வீட்டுக் கோழிக்குப் போகிறது.

ஆயாம்மா என்று எல்லோரும் கூப்பிடுவது சமைக்கும் கமலாம்பாளை. அவருக்குத்தான் இது பிடிக்கவில்லை. "பேரச் சொல்லிக் கூப்புட்டுச் சோறு வைக்கிறதுக்கு நாளு கெழம இருக்கு டீச்சர். தெனமும் வைக்கலாமா?" என்றார்.

"இது படையல் இல்ல ஆயாம்மா, கணக்கு. அரசாங்கச் சோத்துக்கு ஆபீசரே எட்டிப் பாக்குறதில்ல, ஆவி எங்கேருந்து வரப்போவுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கூப்புடுறது கூப்புடுறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பும்போதும் அவளை விடவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, "போயிட்டு வா" என்பது என் வழக்கம். அவள் பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் மாதப் பணம் தடையில்லாமல் வந்துவிட்டது. உன்னால்தான் அடுப்பு எரிகிறது அக்கா. ரசியா பேகம் அக்காவுக்கு என் வணக்கம்.

உன்,
மொழி


திருப்பூர்
7.7.2025

என் மொழிக்கு,

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். நேற்று நானாகவே இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ரசியா அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அவளை எங்கே உட்கார வைக்கிறாய்? கதவோரம் வேண்டாம், ஜன்னலை ஒட்டி உட்காரட்டும். வெளியே பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் சண்டித்தனம் பண்ண மாட்டாள். முட்டை போடும் நாளில் மஞ்சள் கருவைக் கொடுக்காதே, தொண்டையில் நிற்கும். வெள்ளையை மட்டும்தான் தின்பாள். நீ அவளைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இடது கையால் சாப்பிட்டால் திட்டாதே.

தினமும் என்ன சமைத்தீர்கள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

நீலா அக்கா


கீழ்வேளூர்
12.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் என்னவோ போல இருக்கிறது. நீ நலமாக இருப்பது சந்தோஷம்.

புதன்கிழமை முட்டை போட்டோம். தட்டுகளை எடுக்கப் போனபோது பத்தாவது தட்டில் வெள்ளைக் கரு இல்லை. மஞ்சள் கரு மட்டும் உடையாமல் தட்டின் இடது ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. ஆயாம்மா பூனை என்றார். பூனை மஞ்சளை விட்டுவிட்டு வெள்ளையைத் தின்னுமா? பிள்ளைகள் யாராவது எடுத்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. மஞ்சள் கருவைப் பற்றி நீ எழுதியிருந்ததை அன்றுதான் படித்தேன்.

இன்னொன்று. அந்தத் தட்டை நான் வரிசையின் கடைசியில், கதவோரம்தான் வைப்பேன். இரண்டு மூன்று நாளாக அது ஜன்னலடியில் இருக்கிறது. பிள்ளைகள் அதன் எதிரே இடம் விட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கிறதிலேயே பெரிய பிள்ளையிடம், "ஏன் இப்படி இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அது கால நீட்டிக்கிட்டுத் திங்கும் டீச்சர்" என்றாள்.

"எது?"

இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டில் கவனமாகிவிட்டாள்.

அக்கா, பொன்னி காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவாளா? வேறு எதற்கும் பதில் வேண்டாம், இதற்கு மட்டும் எழுது.

மொழி


திருப்பூர்
29.8.2025

அன்பு மொழிக்கு,

உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் எழுதாமல் உன் கடிதத்தையே எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான். நாங்கள் சுகம். உனக்குக் காய்ச்சல் என்று அப்பா போனில் சொன்னார், தேவலையா?

காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதட்டித் திருத்த வேண்டாம், வளர வளரத் தானாக மாறிவிடும்.

மாதாமாதம் பிள்ளைகளுக்கு எடை போடுவீர்களே, அவள் எடை எவ்வளவு? ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போட்டபோது ரொம்பக் குறைவாக இருந்தது. ஏறியிருக்கிறாளா?

இத்துடன் பார்சலில் ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். மாமா வேலை பார்க்கும் பனியன் கம்பெனிப் பக்கத்தில் துணி மலிவு, நானே தைத்தேன். தீபாவளிக்கு என்று வைத்துவிடாதே, இப்போதே போட்டு விடு. ஒரே உடையில் எத்தனை நாள் வருவாள்?

அன்புடன்,
நீலா அக்கா


கீழ்வேளூர்
4.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாதது சோம்பலால் இல்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன். காய்ச்சல் போய்விட்டது. அப்பா நலம். நீயும் மாமாவும் நலம் என்று போனில் கேட்டுக்கொள்கிறேன். ஸ்பீக்கரில் நாம் பேசுவதெல்லாம் மழையும் வெயிலும்தான்.

கவுன் வந்தது. பூப்போட்ட மஞ்சள் கவுன். என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையில் வைத்திருந்தேன். அன்று எடை போடும் நாள். எங்கள் தராசு விட்டத்தில் தொங்கும், அதில் மாட்டியிருக்கும் துணிப்பையில் பிள்ளைகளை உட்கார வைப்போம். பொன்னிக்கு இதுவரை நான் மனசில் தோன்றியதைத்தான் எழுதிவந்தேன். அன்று எல்லோருக்கும் போட்டு முடித்ததும் அந்தக் கவுனை எடுத்துப் பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே.

முள் நகர்ந்தது. பஞ்சு போன்ற கவுன் அது. முள் ஒரு பிள்ளையின் எடைக்கு நகர்ந்து நின்றது. பை தழைந்து லேசாக ஆடியது. காற்று இல்லை, மின்விசிறியும் ஓடவில்லை. ஆயாம்மாவும் பார்த்தார். "எறக்கி வுடுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நானும் இரண்டு கையாலும் தூக்கித்தான் இறக்கினேன். கனமாக இருந்தது அக்கா.

இதுகூடப் பரவாயில்லை, நம் பிள்ளைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நான் சொல்ல வந்தது வேறு. அவளுக்கு எடை ஏறுகிறது, மற்ற ஒன்பது பேருக்கும் இறங்குகிறது. பத்துப் பேருக்கு வடித்தால் போதவில்லை. ஆயாம்மா கூடக் கொஞ்சம் அரிசி போட்டு வடித்தார், அதுவும் போதவில்லை. நாங்கள் அகப்பையோடு திரும்புவதற்குள் பானை அடி தெரியக் கிடக்கிறது. பிள்ளைகள் கை கழுவிய ஈரம் காயுமுன் பசிக்கிறது என்கின்றன. ஒரு தாய் வந்து, "வூட்டுக்கு வந்ததும் பானையத் தொறக்குது டீச்சர், மத்தியானம் சோறு போடுறீங்களா இல்லையா?" என்று சண்டை பிடித்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்துவிட்டது. தீபாவளிக்குச் சூளைக்காரர்கள் வந்துவிடுவார்கள், இரண்டு பிள்ளைகள் கூடும். பிறகு நமக்கு இந்தப் பேர் தேவையில்லை. எடுத்துவிடுகிறேன் அக்கா. சரி என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை,
மொழி


திருப்பூர்
13.10.2025

மொழி,

நலம் விசாரிக்க மனசில்லை, மன்னித்துக்கொள்.

யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவளுக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்றார்கள். காலையில் ஏதோ செய்து பார்க்கப் போகிறார்கள், வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று. அவள் சோறு கேட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை, "அம்மா சோறு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள், பொன்னி அந்தக் கையையே பார்த்தாள். "விடிஞ்சதும் தர்றேன், இப்பத் தூங்கு கண்ணு" என்றேன். என் பேச்சைக் கேட்டுத் தூங்கினாள். விடிந்தபோது சாப்பிட ஆள் இல்லை.

மாமா ஏன் அந்தப் பேரைச் சொல்ல விடுவதில்லை தெரியுமா? அன்றைக்கு அவர் கையில் பன் பாக்கெட் இருந்தது. ஒரு துண்டு கொடுக்கப் போனவரை நான்தான் தடுத்தேன்.

இப்போது அவள் சாப்பிடுகிறாள். நீ தட்டை எடுக்கப் போகிறேன் என்கிறாய். வா என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, இலையை இழுத்துக்கொள்கிறவர்கள் வீடு விளங்குமா? மற்ற பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பானை இருக்கிறது. அவளுக்கு உன் தட்டு ஒன்றுதான்.

எடுக்காதே.

நீலாம்பாள்


கீழ்வேளூர்
28.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்படியும் பேரை எடுத்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஒன்பது தாய்மார் என்னை நம்பி விட்டுவிட்டுப் போகிறார்கள்.

தீபாவளி கழிந்து சூளைக்காரப் பிள்ளைகள் வந்ததும் பேரை நீக்கினேன். தட்டு வைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கடைசிப் பேரைச் சொல்லி நான் நிறுத்தியதும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "பொன்னி" என்றன. பதிலும் வந்தது. யார் வாயிலிருந்து என்று நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அன்று அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சாம்பார் ஊசிப்போயிருந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஆயாம்மா என்னைக் கேட்காமலே ஜன்னலடியில் தட்டு வைத்தார். சாம்பார் மணத்தது.

போன வாரம் ஷோபனா மேடம் வந்தார்கள். சாப்பாட்டுப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிற ஆபீசர். இப்போதெல்லாம் வாயால் எண்ணுவதில்லை, போனைப் பிடித்தால் அது ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கட்டம் போடுகிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடம் போனைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு காட்டுது, நீங்க பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. விட்டுப்போன புள்ளையச் சேத்துடுங்க, உங்களுக்குத்தானே நஷ்டம்" என்றார்கள். நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னலடியில், வெறும் சுவரின் மேல் ஒரு கட்டம் நின்றது. மற்ற பிள்ளைகளின் தலை உயரத்துக்குத்தான் இருந்தது. மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அக்கா, அரசாங்கமே அவளை எண்ணிவிட்டது. இனி அவள் பேரை நான் எங்கே அடிக்க?

ஆனால் எடைகளைப் பார்த்ததும் மேடத்துக்கு முகம் மாறியது. "பணம் ஒழுங்கா வருது, புள்ளைங்க ஏன் இப்படிக் காஞ்சு கெடக்கு? பொங்கலுக்குள்ள ஏறலன்னா மூடச் சொல்லி எழுதிடுவேன்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. காலை நீட்டும் என்று சொன்னாளே ஒரு பிள்ளை, அவள் நேற்று மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குளுக்கோஸ் ஏறுகிறது. அவள் தாய் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் எங்கே தவறினேன் என்று யோசித்தேன். கூப்பிட்டது மட்டும் தப்பில்லை. நாம் யாரையும் "போ" என்று அனுப்புவதில்லை, "போயிட்டு வா" என்கிறோம். சாவு வீட்டில் மட்டும்தான் அப்படிச் சொல்லாமல் கிளம்புகிறோம். நானோ தினமும் வாசலில் நின்று அவளிடம் "போயிட்டு வா" என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, வந்துவிட்டாள். நேற்று "போ" என்று சொல்லிப் பார்த்தேன். ஜன்னலடியில் தட்டு இம்மிகூட அசையவில்லை. நான் பெற்றவள் இல்லையே.

ஒரே ஒரு நாள் வா. உன் கையால் வயிறு நிறைய ஊட்டு. விடிந்ததும் தருகிறேன் என்ற சோற்றைக் கொடு. கொடுத்துவிட்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல். "வா" சேர்க்காமல் சொல்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மொழி


திருப்பூர்
15.12.2025

மொழிக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி அதிகம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். சோற்றைக் குழைவாக வடிக்கச் சொல். முட்டை ஒன்று. கவுனை எடுத்து வை.

நீலா


கீழ்வேளூர்
20.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. அப்பா புதுநெல்லை அரைத்து அரிசியாகக் கட்டி வைத்திருக்கிறார், பார்சல் சர்வீஸில் ஒரு சிப்பம் வரும். உங்கள் பொங்கல் எப்படி? நீ ஊருக்குப் போனதிலிருந்து போன் எடுக்கவே இல்லையே, மாமாவும் எடுக்கவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதா?

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது அக்கா. நீ வந்துபோன மறுநாளே பானையில் சோறு மிஞ்சியது. ஆயாம்மா மிஞ்சிய சோற்றைப் பார்த்து அழுதார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பிள்ளை வந்துவிட்டாள், இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்கிறாள். ஜன்னலடியில் சூளைக்காரப் பையன் சப்பணம் போட்டு உட்கார்கிறான். ஷோபனா மேடம் வந்து போனைப் பிடித்தார்கள், பதினொன்றுதான் காட்டியது. "கொறைஞ்சிருக்கே?" என்றார்கள். ஒரு பிள்ளையின் வீட்டார் ஊரோடு போய்விட்டார்கள் என்று சொன்னேன்.

நீ ஊட்டியதை நான் அடுப்படி நிலையில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு உருண்டையும் உன் கையில் இருந்தது, பிறகு இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன், வேறொன்றும் எனக்குத் தெரியாது. கடைசியில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து என்னவோ சொன்னாய். அது எனக்குக் கேட்கவில்லை. கவுன் ஜன்னலடியில் இல்லை. நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தாய், அது சரிதான், அப்படித்தான் போக வேண்டும். ஆனால் வலது கையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே ஏன் நடந்தாய்?

தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அப்பா, நீ ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்டாய் என்கிறார். அவருக்குக் காது சரியில்லை என்று உனக்கே தெரியும்.

அந்த வார்த்தையைச் சொன்னாய்தானே? ஒரு வரி எழுது, நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் தங்கை,
மொழி


திருப்பூர்
26.2.2026

அன்பு மொழிக்கு,

புது அரிசி வந்து சேர்ந்தது. அப்பாவின் கைக்கு முத்தம் கொடுத்ததாகச் சொல். அரிசி இங்கே நிற்பதில்லை, முடிந்தால் இன்னொரு சிப்பம் அனுப்பச் சொல்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டேன். வயிறு நிறைந்ததா என்று கேட்டேன். இன்னும் வேணும் என்றாள். பெற்றவள் வாயில் "போ" எப்படி வரும் மொழி? பாதி வார்த்தைதான் வந்தது. நீ சேர்க்க வேண்டாம் என்றாயே, அந்தப் பாதி.

உன் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாருடைய பிள்ளையை யார் வைத்துக்கொள்ள வேண்டுமோ அவர்கள்தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ரசியா அக்கா முகவரிக்கு எழுதாதே. அவர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூத்தாநல்லூருக்கே போய்விட்டார். பிள்ளைகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, இளைத்துக்கொண்டே போகிறார்கள் என்றார். நம் வீட்டு முகவரிக்கே எழுது. மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

மாமாவும் கொஞ்சம் இளைத்திருக்கிறார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். கம்பெனியில் வேலை அதிகம் என்கிறார். பானையில் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார், பிறகு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார். அவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை போல நிதானமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பேரை அவராகவே சொன்னார்.

"பொன்னி, கால மடக்கிக்க" என்றார்.

தொடக்கத்தில் எழுத மறந்துவிட்டேன். இங்கு நாங்கள் மூவரும் நலம்.

உன் அக்கா,
நீலாம்பாள்